அண்டா கழுவிய ராஜாக்கள்

ஜெர்மனியில் கொலோன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு வேலை. என் பொறுப்பில் இருக்கிறவர்களில் ஹில்டா என்ற அம்மாளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். போன மழைக்காலத்தில் ஒரு மதியம், டி.வி.யில் ஏதோ ஒரு நாட்டு ராஜா சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஹில்டா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"தட்டைக் கோணலாக வைக்கிறான். கேமராக்காரன் போனதும் ஒருத்தி வந்து எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்கியிருப்பாள்" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ராஜாக்கள் பாத்திரம் கழுவுவது ஒன்றும் புதிதில்லை. குழந்தை யேசுவைப் பார்க்கப் போன மூன்று ராஜாக்களும் கழுவினார்களே, பைபிளிலேயே இருக்கிறது" என்றேன். ஹில்டா என்னைப் பார்த்த பார்வையில், காலையில் கொடுத்த மாத்திரையை நான் மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்ற சந்தேகம் இருந்தது.

"எந்த இடத்தில் இருக்கிறது?"

தேடினோம். மத்தேயுவில் அவர்கள் வருகிறார்கள், வணங்குகிறார்கள், பெட்டிகளைத் திறந்து காணிக்கை கொடுக்கிறார்கள், வேறு வழியாக ஊர் திரும்புகிறார்கள். பாத்திரத்தைக் காணோம். போதாக்குறைக்கு ராஜாக்கள் என்றே அதில் இல்லை, ஞானிகள்தானாம். மூன்று பேர் என்றும் இல்லை. ஹில்டாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "இத்தனை வயசு வரைக்கும் கோயிலில் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று கேட்டார்.

என்ன செய்வது, எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறோம். கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூர்ப் பக்கம், வயலும் திராட்சைத் தோட்டமுமாகக் கிடக்கிற வேதக்காரர் ஊர் அது; எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். மூவரசர் திருநாளுக்கு ராஜாக்கள் நாடகம் போடுவோம். மூன்று குடும்பங்களுக்குக் கிரீட உரிமை உண்டு. நாடகத்துக்கு மறுநாள் ஊருக்கே அசனம், அதாவது கோயில் வளாகத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. பந்தி முடிந்ததும் மூன்று ராஜாக்களும் கிரீடத்தைக் கழற்றாமல் வாய்க்கால் கரையில் குந்தி, சமைத்த அண்டாக்களைக் கழுவ வேண்டும். அன்றைக்கு ராஜாவை யார் வேண்டுமானாலும் ஏவலாம். ராஜாக்களின் வீட்டுப் பெண்கள் மட்டும் கைகட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

இதற்கு எங்கள் ஊர் சொல்கிற நியாயம் ஒன்று உண்டு. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்கள் சும்மா உட்கார்ந்து எழுந்து வருவார்களா? பொன்னையும் தூபத்தையும் வெள்ளைப்போளத்தையும் வைத்துக்கொண்டு, நேற்றுப் பிள்ளை பெற்றவள் என்ன செய்வாள்? அடுப்படியில் நாலு பாத்திரம் கிடந்திருக்கும், கழுவிக் கொடுத்திருப்பார்கள். எனக்கு இன்றைக்கும் மத்தேயு எழுத மறந்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

"போட்டோ இல்லாமல் நம்ப மாட்டேன்" என்றார் ஹில்டா. அந்த வாரமே அம்மாவும் போனில் அழைத்தாள். அப்பா தவக்காலத்தில் தவறிப் போயிருந்தார். அவர் அணிந்த மெல்கியோர் ராஜாவின் கிரீடம் இந்த வருடம் தம்பி பிரிட்டோவின் தலைக்கு வருகிறது. "நீ வந்தா நல்லாருக்கும்" என்றாள் அம்மா. அவள் அப்படியெல்லாம் கேட்கிறவள் இல்லை. லீவு போட்டேன்.

மதுரையில் ஏறிய பஸ் உசிலம்பட்டி வரை ஒழுங்காக வந்தது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் இருமிக்கொண்டே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடியில் பார்த்தார், கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார், நாங்கள் இருவரையும் பார்த்தோம். கொலோனில் ரயில் நின்றால் ஒருவரும் ஒருவரையும் பார்க்க மாட்டார்கள், கடிகாரத்தை மட்டும் பார்ப்பார்கள். இங்கே சற்று நேரத்துக்குள் பக்கத்து சீட்டுக்காரம்மா என் சம்பளம், மகளின் படிப்பு, நான் தலைக்குச் சாயம் அடிக்காத காரணம் எல்லாம் தெரிந்துகொண்டு, வாழையிலையில் பொதிந்த தக்காளிச் சோற்றைப் பாதி பிரித்துக் கொடுத்துவிட்டார்.

சபரிமலைக்குப் போகிற வேன் ஒன்று எங்களில் சிலரை ஏற்றிக்கொண்டது. எல்லாரும் எல்லாரையும் சாமி என்றார்கள், என்னையும். வேதக்காரி என்று சொல்லிப் பார்த்தேன். "அதனால என்ன சாமி, தள்ளி உக்காருங்க" என்று கையில் பொரிகடலையைக் கொட்டினார்கள். எங்கள் ஊர் ராஜாக்கள் கதையைச் சொன்னபோது, முன்சீட்டிலிருந்த நரைத்தாடி குருசாமி திரும்பினார்.

"நானும் மாலை போட்ட நாள்லருந்து என் துணிய நானேதான் தொவைக்கிறேன் சாமி. வீட்டுல அவ கதவுக்குப் பின்னால நின்னு சிரிக்கிறா."

வேனே சிரித்தது. தேனி தாண்டி, வீரபாண்டியில் ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தபோது என் நெஞ்சு என்னைக் கேட்காமலே இளகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் தேனியிலிருந்து என்னை அப்பாதான் கூட்டி வருவார். வீரபாண்டிப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, "தண்ணி போகுது பாரு" என்பார். தண்ணீர் போவது எனக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் இறங்கி நின்று பார்ப்போம்.

வீட்டில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் காத்திருந்தன. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். "அங்கன கழுவுறது போதாதா ஒனக்கு?"

அப்பா இருந்தவரை இந்த வீட்டில் தட்டுக்குக் கால் முளைத்தால்தான் உண்டு, அவர் எடுத்து வைக்க மாட்டார். காபி குடித்த டம்ளர் குடித்த இடத்திலேயே இருக்கும். கெட்டவர் இல்லை. அம்மாவை ஒரு சொல் கடிந்ததில்லை. அவர் அப்பாவும் அப்படி, அவர் கூட்டாளிகளும் அப்படி. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அவர் கையில் கரி படும். அன்றைக்கு அம்மா கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டி, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். வியர்வையில் கிரீடத்தின் தங்கக் காகிதம் கரைந்து அப்பாவின் நெற்றியில் மஞ்சள் கோடாக வழியும். "ராஜாவே, அடியில இன்னொரு தேய்ப்பு!" என்று நாங்கள் கத்துவோம். அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்ப்பார். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். அவர்கள் இருவரும் ஊர் முன்னால் அப்படிப் பார்த்துக்கொள்வது அந்த ஒரு நாள்தான். எனக்கு அந்தச் சின்ன வயதிலேயே அது புரிந்தது.

மறுநாள் காலையில் பிரிட்டோ வந்தான். அவனுக்குத் திராட்சை வியாபாரம், கேரளா வரைக்கும் லோடு அனுப்புகிறான். வெள்ளை வேட்டி, ரெண்டு போன். ஒரு போனில் மலையாளம், ஒரு போனில் தமிழ். பன்னீர்த் திராட்சை ஒரு பெட்டி இறக்கி வைத்துவிட்டு, கிரீடத்தைத் தலையில் வைத்துப் பார்த்தான். அப்பாவின் தலை பெரிது. கிரீடம் காது வரைக்கும் இறங்கியது.

"பேப்பர மடிச்சு உள்ள வையிலே" என்றேன்.

"வைக்கலாம்க்கா. ஒரு விசயம், இந்த வருசம் அசனத்துக்குத் தேனியில கேட்டரிங் சொல்லியாச்சு. பாத்திரம் அவுகளே கொண்டாந்து அவுகளே எடுத்துட்டுப் போயிருவாக. வாய்க்கால்ல குந்துற வேலையெல்லாம் இல்ல."

"ஏன், ஒனக்குக் கை தேஞ்சிருமோ?"

"நீ அங்கன இருந்து வந்துட்டு இங்கன சட்டம் பேசாத. அப்பா காலத்துல ஊருக்குள்ள நாலு பேரு பாத்தான். இப்ப நான் குந்துனா குமுளி மார்க்கெட்டுல இருக்கவன்கூட போன்ல பாத்துச் சிரிப்பான். எனக்குச் சரக்கு குடுக்கிறவன் மதிப்பானா? கிரீடம் வைக்கிறேன், வசனம் பேசுறேன். போதும்."

அம்மா அடுப்படியில் இருந்தாள். கேட்காத மாதிரிதான் இருந்தாள். ஆனால் உரித்துக்கொண்டிருந்த வெங்காயம் கையிலேயே நின்றுவிட்டது.

அவன் போனபின் நான் கொதித்தேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அவன் கழுவி என்னத்துக்கு? ஒங்கப்பாவுக்கே கழுவத் தெரியாது."

"என்னம்மா சொல்ற?"

"அண்டாக் கழுத்து இருக்கில்ல, விளிம்புக்குக் கீழ. அங்கன கை போகாது அவுகளுக்கு. வருசா வருசம் அந்த எடத்துல ஒரு பட்டை கரி அப்படியே நிக்கும். மத்த ரெண்டு ராசாமாரு கழுவுனதும் அதே லச்சணந்தான். மறுநா விடியக்காலம் நாங்க மூணு பொம்பளைகளும் புளியும் சாம்பலும் எடுத்துக்கிட்டு வாய்க்காலுக்குப் போவோம். யாருக்கும் தெரியாம மறுபடி கழுவி வச்சிட்டு வருவோம்."

எனக்கு ஹில்டா சொன்னது ஞாபகம் வந்தது. கடல் தாண்டிக் கொலோனில் உட்கார்ந்துகொண்டு அந்த அம்மாள் எங்கள் வாய்க்கால் கரையைப் பார்த்திருக்கிறார்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? 'எப்படிப் பளபளன்னு கழுவியிருக்கேன் பாத்தியா லூர்து'ன்னு ஒரு வாரம் பேசுவாக. நானும் ஆமாம்பேன்." அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். குரல் இறங்கியது. "அவுகளுக்குன்னு நான் எத்தனையோ கழுவியிருக்கேன். அதெல்லாம் என்னமோ வேல. அந்த அண்டா மட்டும் வேலன்னு தோணாது புள்ள. எனக்காகக் குந்திக் கழுவுனாகளேன்னு இருக்கும்."

அவளுக்கு வேண்டியது பளபளப்பு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த வருடம் வாய்க்கால் கரையில் ராஜா உட்காராவிட்டால், அப்பா இன்னொரு தடவை செத்த மாதிரிதான். அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வராது. பிரிட்டோவிடம் நான் பேசிப் பார்த்தேன், அவன் இரண்டாவது போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நாடகத்தன்று ஆரம்பமே கோளாறு. ராஜாக்கள் வரவேண்டிய குதிரைகள், ஐயப்பசாமி வண்டிகளின் நெரிசலில் சின்னமனூருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. கடைசியில் கீழ்த்திசை அரசர்கள் மூவரும் பிரிட்டோவின் திராட்சை லாரியில்தான் பெத்லகேமுக்கு வந்தார்கள். காலிப் பெட்டிகளின் மேல் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "விண்மீன் எங்கே?" என்று கஸ்பார் கேட்டபோது லாரி ரிவர்ஸ் வந்து பீப் பீப் என்றது. கஸ்பார் எங்கள் ஊர்த் தபால்காரர். பல்தசார் டிராக்டர் ஓட்டுகிறவர். கொலோனில் மூவரசர்களின் எலும்பு என்று ஒரு தங்கப் பேழையைப் பேராலயத்தில் வைத்திருக்கிறார்கள். கண் கூசும். அதன் முன்னால் நான் பல தடவை முழந்தாளிட்டிருக்கிறேன். ஆனால் லாரியிலிருந்து இறங்கத் தெரியாமல் வேட்டி தடுக்கி நின்ற அந்த மூவரைப் பார்த்தபோது வந்த அழுகை அங்கே ஒரு நாளும் வந்ததில்லை. பிரிட்டோவின் குரல் மைக்கில் அப்படியே அப்பா குரலாக இருந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை குதிரைக்கு நேர்ந்ததே கேட்டரிங் வேனுக்கும் நேர்ந்தது. ரோட்டை ஒருவழி ஆக்கிவிட்டார்கள், வேன் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. மணி ஏற ஏற ஃபாதரின் முகம் தொங்கியது. ஊர் அதற்குமேல் பொறுக்கவில்லை. கோயில் அறையைத் திறந்து பழைய அண்டாக்களை உருட்டி வெளியே கொண்டுவந்தார்கள். கழுவும்போது கரி எளிதில் போவதற்காகப் பெண்கள் கூடி அடியில் மண்ணைக் குழைத்துப் பூசினார்கள். கற்களைக் கூட்டி விறகை வைத்தார்கள். சோறும் கறிக்குழம்பும் கத்தரிக்காய்க் கூட்டும் கொதித்த வாசனை மார்க்கையன்கோட்டை வரைக்கும் போயிருக்கும். கேட்டரிங் வேன் வந்து சேர்ந்தபோது நாங்கள் ரசத்தில் இருந்தோம். அவர்களும் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பந்தி முடிந்தது. கரி பிடித்த அண்டாக்கள் மூன்றும் வாய்க்கால் கரைக்குப் போயின. தபால்காரரும் டிராக்டர்காரரும் கிரீடத்தோடு வந்து குந்தினார்கள். மூன்றாவது அண்டாவுக்கு முன்னால் யாரும் இல்லை. பிரிட்டோ கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். லாரி செட்டில் வேலை பார்க்கும் ஆளை ஏற்கெனவே கூட்டி வந்திருந்தான். அவர் கையில் வண்டி கழுவுகிற பிரஷ்ஷர் பம்ப் குழாய். "ரெண்டே நிமிசம், பட்டுன்னு முடிஞ்சிரும்" என்றான் பிரிட்டோ ஊரைப் பார்த்து.

ஊர் அந்தக் குழாயையே பார்த்தது. அதுதான் சங்கடமாக இருந்தது. மற்ற இரண்டு ராஜாக்களின் மனைவிகள் நாற்காலியில் இருந்தார்கள். பிரிட்டோவின் மனைவி, மாமியாருக்குப் பின்னால் நின்றாள். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அம்மா இந்த வருடம் அதில் உட்கார மாட்டேன் என்று ஓரமாக நின்றிருந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. புடவையைச் செருகிக்கொண்டு நானே குந்திவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு நடந்துபோய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். வெள்ளைச் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். எங்கள் சத்தத்துக்கு நடுவே இத்தனை வருடம் ஒரு தடவைகூட வாய் திறக்காதவள், ஊர் கேட்க மகனை மரியாதைப் பன்மையில் கூப்பிட்டாள்.

"மெல்கியோர் ராசாவே! போன வச்சிட்டு வாங்க. ஒங்களப் பெத்தவ இங்கன உக்காந்திருக்கேன். பிள்ள பெத்த வீட்டுக்கு வந்துட்டு, சும்மாவா போவீக?"

பிரிட்டோ போனைக் காதிலிருந்து எடுத்தான். யாரோ அந்தப் பக்கம் பேசிக்கொண்டேயிருந்தது கேட்டது. அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் போனை மனைவி கையில் கொடுத்தான். கிரீடத்தைத் தலையில் வைத்தான். அது காது வரைக்கும் இறங்கியது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் நாரை எடுத்து, அண்டாவின் முன்னால் குந்தினான்.

ஊர் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. "ராஜாவே, அடியில இன்னொரு தேய்ப்பு!" பத்துப் பதினைந்து போன்கள் அவனைப் படம் பிடித்தன. அவன் சட்டை செய்யவில்லை. பாதியில் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். நெற்றியில் மஞ்சள் கோடு வழிந்திருந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

நானும் ஒரு படம் எடுத்து ஹில்டாவுக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "நம்புகிறேன். ஆனால் இவனுக்குப் பின்னால் வந்து மறுபடி கழுவப்போகிறவள் யார்?"

கூட்டம் கலைந்த பிறகு அண்டாக்களைக் கவிழ்த்து வைக்கப் போனேன். பிரிட்டோ கழுவியது பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தேன். விளிம்புக்குக் கீழே, கழுத்தைச் சுற்றி, ஒரு பட்டை கரி அப்படியே நின்றது. எனக்குக் கை பரபரத்தது. இரும்பு நாரை எடுத்தேன்.

"அத விடு புள்ள" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "அது என் வேல."

மறுநாள் நான் மதுரைக்குக் கிளம்ப வேண்டும். விடியும்போது அம்மாவின் பாயைக் காணவில்லை. வாய்க்காலுக்குப் போனேன். மூன்று பெண்கள் குந்தியிருந்தார்கள். இரண்டு பேர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் தனியே ஒரு அண்டாவை மடியோடு சாய்த்து வைத்துக்கொண்டு, புளியால் கழுத்தைச் சுற்றி மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. அண்டாவிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருசமும் கழுத்துல விட்டுட்டீகளே."